துணைவியார் ஊரில் இல்லாத ஆறு மாதம்

எங்கள் டயாலிசிஸ் பிரிவின் வாயிலில் ஓர் எடைக்கருவி இருக்கிறது. சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவரும் காலணியைக் கழற்றிவிட்டு முதலில் அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். முந்தைய சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது இருந்த எடைக்கும் இப்போதைய எடைக்கும் உள்ள வேறுபாடு, இடைப்பட்ட நாள்களில் உடலில் தங்கிவிட்ட நீரின் அளவைச் சொல்லிவிடும். அக்கருவி சொல்வது நீரின் அளவை மட்டுமன்று. உறவினர் வீட்டில் விருந்தா, வெயிலில் அலைந்தாரா, மனத்தாங்கல் ஏதேனுமா என்பதை அந்த ஓர் எண்ணிலிருந்து ஓரளவு ஊகித்துவிட எங்கள் செவிலியருக்குப் பழகிப்போயிற்று.

சென்ற செப்டம்பர் இறுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை அக்கருவி எங்களுக்கு ஒரு செய்தியைச் சொன்னது. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள் காலை முறைக்கு வரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் அதன்மேல் நின்றார். நான்கு ஆண்டுகளாக எங்களிடம் சிகிச்சை பெறுபவர். சிகிச்சைகளுக்கு இடையே அவருடைய எடை 2 கிலோவுக்கு மேல் ஏறியதாக எங்கள் பதிவேட்டில் இல்லை. மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாக அவரைத்தான் சொல்லி வந்தோம். அன்று 3.4 கிலோ ஏறியிருந்தது. எண்ணைப் பார்த்த தொழில்நுட்பர், "ஐயா, அம்மா ஊரில் இல்லையா?" என்று கேட்டார். ஆசிரியர் சிறிது நேரம் விடை சொல்லவில்லை. பிறகு, "சனிக்கிழமை இரவு விமானம் ஏறினாள். மகளுக்குப் பேறுகாலம்" என்றார்.

இவ்விதழில் நோயாளிகளைப் பற்றி எழுதும்போது பெயரும் ஊரும் தவிர்ப்பது எங்கள் வழக்கம். இங்கும் அவ்வாறே. ஆசிரியரும் அவர் துணைவியாரும் எழுதலாம் என்று இசைவு தந்த பிறகே எழுதுகிறோம். தாம் செய்த பிழைகளையும் விடாமல் எழுத வேண்டும் என்பது ஆசிரியரின் நிபந்தனை. எங்கள் பிழைகளையும் எழுதுவோம் என்பது நாங்கள் அவருக்குக் கொடுத்த வாக்கு.

பிள்ளைப்பேறு பார்க்கத் தாய் கடல் கடந்து செல்வது இன்று நம் வீடுகளில் அரிய நிகழ்ச்சியன்று. பயணியர் விசாவில் அமெரிக்கா செல்பவர்களுக்குப் பொதுவாக ஒரு முறைக்கு ஆறு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கும். ஆகவே போகிறவர் ஆறு மாதக் கணக்கில்தான் பெட்டி கட்டுகிறார். இருவரும் சேர்ந்து சென்று வருவது நலமாயிருக்கும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அது எளிதன்று. பயணிகளுக்கான மருத்துவக் காப்பீடு, முன்பே இருக்கும் நோய்க்கான தொடர் சிகிச்சையைப் பொதுவாக ஏற்பதில்லை. அங்கே கையிலிருந்து பணம் கட்டிச் செய்துகொள்வது நடுத்தரக் குடும்பத்துக்கு நினைத்துப் பார்க்க இயலாத செலவு. ஒருவர் போக, ஒருவர் இருக்க நேர்கிறது.

அம்மையார் போவதற்குத் தயங்கினார். போகச் சொல்லி வற்புறுத்தியவர் ஆசிரியரே. "என்ன பெரிய வேலை? மாத்திரை எனக்குத் தெரியாதா? ஊசி நானே போட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டுக்கு மெஸ் இருக்கிறது" என்று சொன்னாராம். சொன்னது பொய்யன்று. இன்சுலின் ஊசியைப் பதினோர் ஆண்டுகளாகத் தம் கையால்தான் போட்டுக்கொண்டு வந்தார். அந்த ஊசியைச் சுற்றி வேறு என்னென்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. நாங்களும் கேட்டதில்லை.

முதலில் நீர்க்கணக்கு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று மருத்துவர் அளந்து கொடுத்திருந்த நீரை அம்மையார் காலையில் ஒரே புட்டியில் ஊற்றி, அதன் கழுத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்துவிடுவார். மோர், காப்பி, இரசம் என்று நீராக உள்ளே போகும் எதற்கும் அந்தப் புட்டியிலிருந்து அதே அளவு கொட்டிக் கழிக்கப்படும். காப்பிக்குப் பெரிய தம்ளர் கிடையாது. பேரக்குழந்தைக்கு வாங்கிய சிறு வெள்ளித் தம்ளர்தான். நாவறட்சி தாங்கவில்லை என்றால் பனிக்கட்டி ஒரு துண்டு. ஆசிரியர் கண்டது வெள்ளித் தம்ளரை மட்டுமே. "கஞ்சத்தனம் என்று கேலி செய்திருக்கிறேன்" என்றார். அம்மையார் போன மறுநாள் அலமாரியிலிருந்து பழைய பித்தளை தம்ளரை எடுத்துக் காப்பி குடித்தார். மூன்று நாளில் 3.4 கிலோ.

அடுத்தது காய்கறி. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு உணவிலுள்ள பொட்டாசியம் உடலில் தேங்கி இதயத்துடிப்பையே குலைக்கக்கூடும். காயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் பிறகு தாளித்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். அம்மையார் நான்கு ஆண்டுகளாக அப்படித்தான் சமைத்தார். சுவை குறைவு என்ற முறையீட்டையும் நான்கு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டார். மெஸ்காரர் அவ்வாறு செய்வாரா? தக்காளியும் கீரையும் உருளைக்கிழங்குமாக நல்ல சாப்பாடு வந்தது. ஆசிரியரே சொன்னார்: "முதல் பத்து நாள் நாக்குக்குத் திருவிழா." அக்டோபர் மாத இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.1 என்று வந்தபோது திருவிழா முடிந்தது. மருத்துவரும் உணவியல் ஆலோசகரும் மெஸ்காரரையே தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள். அவர் நல்லவர், கேட்டுக்கொண்டு, அவருக்கென ஒரு கிண்ணம் காயைத் தனியே வடித்துக் கொடுக்கத் தொடங்கினார்.

மாத்திரையில் ஒரு நுட்பம் இருந்தது. பாஸ்பரசைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை உணவோடு சேர்த்து விழுங்கினால்தான் பயன். உண்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்து நினைவு வந்து விழுங்கினால் பெரும்பாலும் வீண். அம்மையார் அதை இலையில் ஊறுகாய் வைக்கும் இடத்தில் வைத்துவிடுவார். ஊறுகாய்தான் விலக்கப்பட்டதாயிற்றே, அந்த இடம் காலியாகத்தானே இருந்தது. அம்மையார் இல்லாத வீட்டில் மாத்திரை அட்டை தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் இருந்தது.

இவையெல்லாம் சிறு பிழைகள். பெரும்பிழை நவம்பரில் நேர்ந்தது.

ஆசிரியர் காலையில் போட்டுக்கொள்வது, உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டிய வகை இன்சுலின். மகள் இருப்பது நியூ ஜெர்சியில். அங்கு இரவு 9.30 ஆகும்போது இங்கு மறுநாள் காலை 7 மணி. கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அம்மையார் நாள்தோறும் அந்த நேரத்தில் அழைப்பார். ஆசிரியர் 6.30 மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்து நிறுத்திக் காத்திருப்பார். முகம் தெரிந்ததும் முதல் இட்லியை விண்டு வாயில் வைப்பார். எதிரே அமர்ந்து உண்பது போல் இருந்ததாம். ஐந்து வாரம் இந்த ஏற்பாடு தவறாமல் நடந்தது.

அமெரிக்காவில் நவம்பர் மாத முதல் ஞாயிறன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்கிறார்கள். அம்மையாருக்கு அது முதல் பயணம். கைப்பேசியும் சுவர்க்கடிகாரமும் மாறியதை அவர் கவனித்தார். அதனால் நம் ஊர்க் கணக்கும் மாறும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் மகளுக்கும் அது நினைவில் இல்லை. ஞாயிறு இரவு 9.30க்கு வழக்கம் போல் அழைத்தார். இங்கே அப்போது திங்கள் காலை 8 மணி.

ஆசிரியர் 7 மணியிலிருந்து காத்திருந்தார். 7.15க்குக் குழந்தை அழுகிறதோ என்று எண்ணினார். 7.30க்கு ஏதேனும் உடல்நலக் குறைவோ என்று அஞ்சினார். உண்ணத் தோன்றவில்லை. பொதுவாகவே, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இன்சுலின் உடலிலிருந்து விரைவில் வெளியேறாமல் நெடுநேரம் வேலை செய்யும். ஆகவே சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து மற்றவர்களைவிட அவர்களுக்கு மிகுதி. 7.45 அளவில் நெற்றி வியர்த்தது, கை நடுங்கியது என்பது வரை அவருக்கு நினைவிருக்கிறது. சர்க்கரை டப்பா கைக்கு எட்டும் தொலைவில்தான் இருந்தது, கைப்பேசிக்கு முட்டாக.

8 மணிக்கு அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தார், எடுக்கவில்லை. மூன்றாம் முறை அம்மையார் அழைத்தது கணவரை அன்று, மாடிவீட்டு அம்மாளை. அவர்களிடம் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுச் சென்றிருந்தார். "ஊரெல்லாம் சாவி கொடு" என்று புறப்படும் நாளில் ஆசிரியர் பரிகசித்த அதே சாவி. மாடிவீட்டு அம்மாளும் அவர் மகனும் கதவைத் திறந்தபோது ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்து, சொல் குழறி, ஆளை அடையாளம் தெரியாத நிலையில் இருந்தார். விழுங்க முடிந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைச் சிறிது நீரில் கரைத்துப் புகட்டும்படி வாட்ஸ்ஆப் அழைப்பில் வழிகாட்டியது, பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அம்மையார்தான். அதற்குள் 108 அழைக்கப்பட்டது. வண்டியில் வந்த மருத்துவ உதவியாளர் பார்த்தபோது, சர்க்கரை புகட்டிய பிறகும், 46 மில்லிகிராம் இருந்தது.

இங்கே சற்று நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலே அது தாழ்நிலை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, காரணமற்ற எரிச்சல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். உணர்வோடு விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதித்து, இன்னும் தாழ்வாக இருந்தால் அதையே மறுபடி கொடுத்து, தேறியதும் உணவு கொடுக்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு இதற்காக இளநீரோ ஆரஞ்சுச் சாறோ கொடுக்க வேண்டா, பொட்டாசியம் ஏறும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள்.

எங்கள் அவசரப் பிரிவில் அன்று காலை ஒரு சங்கடம் நேர்ந்தது. ஆசிரியரின் கோப்பில் 'உடனிருப்பவர்' என்ற இடத்தில் ஒரே பெயர், ஒரே எண். அம்மையாருடைய உள்ளூர் எண். அது ஆறு வாரமாக அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அம்மையார் ஊரில் இல்லை என்பது எடைக்கருவி சொல்லி எங்கள் அனைவருக்கும் தெரியும். கோப்பில் மாற்ற எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊசிக்கும் உணவுக்கும் இடையேயான நேரத்தை இனி யார் கவனிப்பார் என்றும் நாங்கள் கேட்கவில்லை. இப்போது எங்கள் படிவத்தில் இரண்டு பெயர் கேட்கிறோம். துணைவர் பயணம் போகிறார் என்று தெரிந்தால் அன்றே ஒரு செவிலியர் அவரோடு அமர்ந்து அரை மணி நேரம் பேசுகிறார். இதை ஆசிரியருக்கு நேர்ந்த பிறகு செய்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுநாள் செவ்வாய். வழக்கமான சிகிச்சைக்கு வந்தார். இயந்திரம் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் வரை பேசவில்லை. பிறகு பக்கத்தில் இருந்த செவிலியரிடம், "பதினோர் ஆண்டு அம்மா! ஊசி போட்டதும் கடிகாரத்தைப் பார்ப்பாள். சரியாக அரை மணியில் தட்டோடு வந்து நிற்பாள். செய்தித்தாளை முடிக்க விடமாட்டாள். 'ஏன் விரட்டுகிறாய்' என்று எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்! அவள் விரட்டியது என்னையன்று" என்றார். அவர் அழுததை நாங்கள் அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். நான்காண்டுகளுக்கு முன் முதல் ஊசி குத்தியபோதுகூட அவர் அழவில்லை.

பிரிவைப் பற்றி நம் முன்னோர் நிறையவே எண்ணியிருக்கிறார்கள். பாலை என்று ஒரு திணையையே பிரிவுக்கென ஒதுக்கினார்கள். கடல் கடந்து செல்லும்போது மகளிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியம். போகிறவன் ஆண், வீட்டில் இருந்து நாளை எண்ணுகிறவள் பெண். சுவரில் கோடிட்டு எண்ணி எண்ணி விரல் தேய்ந்த பெண்ணைத் திருக்குறளிலும் காண்கிறோம். இன்றோ விமானம் ஏறுகிறவர் அம்மையார். சுவரைப் பார்த்து அமர்ந்திருப்பவர் ஐயா. காத்திருக்கும் ஆடவருக்கு அந்த இலக்கியத்தில் பாடம் அதிகம் இல்லை. ஒருவேளை அதனால்தான் நம் வீட்டு ஆண்களுக்கு ஏங்கவும் தெரியவில்லை. ஏங்குகிறோம் என்று சொல்லவும் தெரியவில்லை. கேட்டால் தூக்கம் வரவில்லை என்பார்கள், பசியில்லை என்பார்கள், வீட்டில் இடுக்கியைக் காணவில்லை என்பார்கள்.

ஆசிரியர் வீட்டில் சுவரில் கோடு இல்லை. நாள்காட்டி இருந்தது. நாள்தோறும் ஒரு தாள் கிழிக்கும் வகை. அந்தத் தாளைக் காலையில் கிழிப்பது அம்மையாரின் வேலையாக இருந்தது. அவர் புறப்பட்ட சனிக்கிழமையின் தாள் அப்படியே நின்றது. மாடிவீட்டு அம்மாள் ஒரு நாள் உதவியாகக் கிழிக்கப் போனபோது ஆசிரியர் தடுத்துவிட்டாராம்.

புறப்படும் முன் அம்மையார் ஆறு பக்கத்துக்கு ஒரு குறிப்பேடு எழுதி வைத்திருந்தார். ஆசிரியர் அதைத் திறக்கவே இல்லை. சோம்பல் என்று நாங்கள் எண்ணினோம். "அவள் கையெழுத்தைப் பார்த்தால் வீடு இன்னும் வெறிச்சென்று ஆகிவிடும் போலிருந்தது" என்றார். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு திறந்தார். எங்களிடமும் கொண்டுவந்து காட்டினார். நீர், காய், மாத்திரை, திறந்த இன்சுலின் குப்பியை நான்கு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பது, திறக்காத குப்பியைக் குளிர்பதனப் பெட்டியின் கதவுப் பக்கத்தில் வைக்க வேண்டும், உறைபெட்டியில் வைக்கக்கூடாது என்பது, எல்லாம் இருந்தன. நாங்கள் அச்சிட்டுத் தரும் கையேட்டைவிட அது தெளிவாக இருந்தது என்று சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை.

நான்காம் பக்கத்தில் ஒரு வரி: படுக்கும் முன் இடக்கை மணிக்கட்டில் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கவும்.

டயாலிசிசுக்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலா நன்றாக இயங்கினால் தொடும்போது பூனை உறுமுவது போன்ற மெல்லிய அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் அடைப்பு என்று பொருள். சில மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு வந்தால் பெரும்பாலும் காப்பாற்ற இயலும், காலம் தாழ்த்தினால் வேறிடத்தில் புதிதாக அமைக்க வேண்டி வரலாம். நாள்தோறும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நான்காண்டுகளுக்கு முன் எங்கள் செவிலியர் ஒருவர் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். ஆசிரியர் மறந்துவிட்டார். "இரவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள் என்றல்லவா எண்ணியிருந்தேன்" என்றார். எங்களுக்கும் அதற்குமேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அவரைப் போல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதன் பிறகுதான் நாங்கள் கவனிக்கத் தொடங்கினோம். திங்கள், புதன், வெள்ளி வருபவர்களில் இளம்பெண் ஒருவர் இருக்கிறார். கணவர் குவைத்தில் ஓட்டுநர். டயாலிசிஸ் செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. வாடகையும், பேருந்துச் செலவும், குழந்தைகளின் படிப்பும் குவைத்திலிருந்து வர வேண்டும். பொருள்தேடிப் பிரிவது என்று நூல்கள் சொல்வது இதைத்தான். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று நான்கு மணி நேரமும் படுக்கையருகே கைப்பேசி நின்றுகொண்டிருக்கும். அவர்கள் அதிகம் பேசுவதில்லை. அவர் அங்கே வெங்காயம் அரிவார், சட்டை துவைப்பார், இவர் பார்த்துக்கொண்டிருப்பார். இவருக்குக் கால் பிடித்துக்கொண்டு இரத்த அழுத்தம் இறங்கும்போது மட்டும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவார். 'சிக்னல் போய்விட்டது' என்று பிறகு சொல்வார். அவருக்கு முதுகுவலி என்பதையும் மூன்று மாதம் மருந்து உண்கிறார் என்பதையும் இவர் அறிந்தது, அவரோடு தங்கியிருக்கும் ஊர்க்காரர் வழியாக.

மறைப்பது அன்பினால்தான். ஆயினும் மறைக்கப்பட்டவர் மனம் வெறும் இடத்தைத் தானாக நிரப்பிக்கொள்கிறது. அது நிரப்புவது பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியது. இருவரும் விரும்பினால் மாதம் ஒரு முறை எங்கள் மருத்துவர் தொலைவில் உள்ள துணைவரிடம் நேரடியாகவே பேசுகிறார். அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சென்ற மாதம் ஒப்புக்கொண்டார். கணவர் கேட்ட முதல் கேள்வி, கைப்பேசி ஏன் கவிழ்கிறது என்பது.

துணைவர் வெளியூர் செல்லும் வீடுகளுக்கு நாங்கள் இப்போது சொல்வது அதிகமில்லை. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே இருவருமாக எங்களிடம் வாருங்கள். இருக்கப்போகிறவர் அந்த இரண்டு வாரமும் எல்லாவற்றையும் தாமே செய்யட்டும். போகப்போகிறவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கட்டும். கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் மிகக் கடினம் என்று பலரும் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும். உணவை அழைப்புக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள், உண்டுவிட்டுப் பேசுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகுதியுள்ளவர்கள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தனித்திருக்கும் முதியோர் 14567 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். மனம் மிகவும் சோர்ந்தால் 14416 இருக்கிறது. வீட்டில் பேச ஆளில்லை என்று சிகிச்சைக்கு வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

எங்கள் தாழ்வாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். உடன் வருபவர்கள் நான்கு மணி நேரம் அமர்ந்திருக்கும் இரும்பு நாற்காலிகள் அங்கே உள்ளன. அம்மையாரின் இடம் தூணை ஒட்டிய மூன்றாவது. அவர் போன பின் மற்றவர்கள் அதில் அமரவில்லை, பைகளை வைத்தார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து, இன்னொரு நோயாளியின் மனைவி ஆசிரியருக்கும் சேர்த்து இரண்டு இட்லி கொண்டுவரலானார். சட்னி இல்லாமல், மிளகாய்ப்பொடி இல்லாமல். அதையும் அம்மையார்தான் சொல்லிவைத்துப் போயிருந்தார் என்று நாங்கள் பின்னால் அறிந்தோம்.

அம்மையாருக்கும் அந்த ஆறு மாதம் விடுமுறையாக இருந்ததில்லை. குழந்தையின் இரவும் கணவரின் பகலும் ஒரே நேரத்தில் வந்தன. நவம்பருக்குப் பின் ஒரு வாரம் அவர் உறங்கவே இல்லை, திரும்பிவிடுகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அவரை அங்கே நிறுத்தியது ஆசிரியர் அனுப்பிய படங்கள். நாள்தோறும் காலை 7 மணிக்கு, காலித் தட்டின் படம். தட்டின் ஓரத்தில், ஊறுகாய் வைக்கும் இடத்தில், ஒன்றும் இல்லை. மாத்திரையை விழுங்கியாயிற்று என்பதற்கு அதுவே சான்று. நூற்றுக்கும் மேற்பட்ட காலித் தட்டுகள் அந்தக் கைப்பேசியில் இருக்கின்றன. முதல் படத்தோடு ஆசிரியர் சில சொற்களும் எழுதியிருந்தார். அதை எங்களுக்குக் காட்டவில்லை. காட்டும்படி நாங்களும் கேட்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை அம்மையார் திரும்பி வந்தார். சனிக்கிழமை இருவரும் சேர்ந்து வந்தார்கள். ஆசிரியர் காலணியைக் கழற்றிவிட்டு எடைக்கருவியின்மேல் ஏறினார். எண்ணை நாங்கள் படிப்பதற்குள் அம்மையார் குனிந்து படித்துவிட்டார். 1.8 கிலோ. "பரவாயில்லையே" என்றார். அமெரிக்காவிலிருந்து அளவுக்கோடுகள் போட்ட ஓர் அழகிய நீர்ப்புட்டி வாங்கி வந்திருந்தார். ஆசிரியர் அதைத் தொழில்நுட்பரின் மேசைமேல் வைத்துவிட்டு, "இதை யாருக்கேனும் கொடுங்கள். எனக்கு நூல் கட்டிய புட்டி இருக்கிறது" என்றார்.

நாள்காட்டியைப் பற்றிக் கேட்டோம். மொத்தமாக ஒரே நாளில் கிழித்தாயிற்று என்றார் அம்மையார். ஆண்டு மாறிப்போனதால் பழைய நாள்காட்டியையே கழற்றிவிட்டுப் புதிதை மாட்ட வேண்டியிருந்ததாம். பிறகு தூணை ஒட்டிய மூன்றாவது நாற்காலிக்குச் சென்று, அதன்மேல் இருந்த பைகளை எடுத்து உரியவர்களிடம் கொடுத்துவிட்டு அமர்ந்தார்.